தோல் மடலும் ஓசோன் வாயுவும்



வீட்டுத் தோட்டத்தில் மல்லிகைக் கொடியைப் பதியம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கிளையை வளைத்து மண்ணில் புதைத்து, அதன்மேல் ஒரு கல்லை வைப்பார்கள். கிளையைத் தாய்ச் செடியினின்றும் வெட்டிவிட மாட்டார்கள். புதைத்த இடத்தில் வேர் விடும் வரையில் அக்கிளைக்கு உணவு தாய்ச் செடியிலிருந்தே வர வேண்டும். வேர் ஊன்றியது என்று தெரிந்த பிறகே கத்தி வைப்பார்கள். அவசரப்பட்டு முன்னதாக வெட்டினால் கிளை வாடிவிடும் என்பது தோட்டக்காரர் எவருக்கும் தெரியும்.

ஒட்டறுவை மருத்துவன் செய்வதும் இதுவேதான். உடலில் ஓரிடத்தில் தோல் அழிந்து, உள்ளே எலும்பு வெளியே தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறோர் இடத்திலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து அதன்மேல் பரப்பினால் போதாதோ என்று கேட்பீர்கள். அப்படிப் பரப்புவதைத் தோல் ஒட்டு என்போம். நாற்றைப் பிடுங்கி நடுவது போன்றது அது. நடுகின்ற நிலம் ஈரமுள்ளதாக, அதாவது இரத்த ஓட்டம் உள்ளதாக இருந்தால்தான் பிடிக்கும். மேல் உறையும் போய்விட்ட வெற்றெலும்பின்மீது ஒட்டுத் தோல் பிடிப்பதில்லை; பாறைமேல் நட்ட நாற்றாகக் கருகிவிடும். அத்தகைய இடத்துக்குத் தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் சேர்த்து, ஒரு பக்கம் உடலோடு ஒட்டியிருக்குமாறு, வாழையிலை போலக் கிளப்பித் திருப்பி மூட வேண்டும். அதற்குத் தோல் மடல் என்று பெயர். உடலோடு ஒட்டியிருக்கும் பக்கத்தைக் காம்பு என்கிறோம். இரத்தம் காம்பு வழியாக வந்து, காம்பு வழியாகவே திரும்ப வேண்டும்.

இது மேல்நாட்டார் நமக்குக் கற்பித்த வித்தை என்று எண்ணிவிட வேண்டா. அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோலைக் கொண்டு மீண்டும் அமைக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. ஓர் இலையை அளவுக்கு வைத்துத் தோலை வெட்ட வேண்டும் என்று அந்நூல் கூறுவது என்னை எப்போதும் வியப்பில் ஆழ்த்தும். இன்றும் அறுவைக் கூடத்தில் துணித் துண்டையோ காகிதத்தையோ கத்தரித்து அளவு பார்க்கிறோம்.

1794ஆம் ஆண்டு அக்டோபரில், லண்டனில் வெளிவந்த ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ என்னும் இதழில் ஒரு கடிதம் அச்சாயிற்று. கவாஸ்ஜி என்னும் மராட்டியர் ஒருவர் ஆங்கிலேயர் படையில் மாட்டு வண்டி ஓட்டியவர். 1792ஆம் ஆண்டுப் போரில் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டார். அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. ஏறத்தாழ ஓராண்டு மூக்கில்லாமலே வாழ்ந்த அவருக்குப் புணேக்கு அருகில் செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புதிய மூக்கு அமைத்துக் கொடுத்தார். மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் வடிவில் பிடித்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து வரைந்துகொண்டார். அந்த அளவுக்கு நெற்றித் தோலைக் கிளப்பி, இரு கண்களுக்கும் நடுவே ஒரு சிறு காம்பை மட்டும் விட்டு, தோலைத் திருகிக் கீழே இறக்கி, மூக்கு இருந்த இடத்தில் பொருத்தினார். ஊசியும் நூலும் இல்லை. காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணியில் தடவி மேலே வைத்து ஒட்டினார். சுமார் 25 நாள் சென்ற பின்னர்தான் காம்பைத் துண்டித்தார். இதைப் பம்பாயின் ஆங்கில மருத்துவர் இருவர் நேரில் கண்டனர். இச்செய்தியைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்பவர் 1814இல் லண்டனில் அதே முறையில் ஒரு படை அதிகாரிக்கு அறுவை செய்து, 1816இல் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார்.

செங்கல் செய்பவர் பட்டம் பெற்றவரல்லர். இரத்தம் தந்துகிகளில் எவ்வாறு ஓடுகிறது என்பதை அவர் ஏட்டில் படித்திருக்கவும் மாட்டார். எனினும் 25 நாள் பொறுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மடலுக்கு உள்ள பேராபத்து அதன் நுனியில் இருக்கிறது. காம்புக்கு அருகில் இரத்தம் தாராளமாக வரும். தொலைவு செல்லச் செல்லக் குறையும். வாய்க்காலின் கடைமடை நிலம் போன்றது நுனி. மேலிருப்பவனுக்குத் தண்ணீர் தாராளம். கடைமடைக்காரன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகையால் மடலின் அகலம் எவ்வளவோ அதற்கேற்ற நீளந்தான் வைக்கலாம், அகலத்தைக் கூட்டினால் நீளத்தையும் கூட்டலாம் என்று வெகு காலம் மருத்துவர் நம்பி வந்தனர். நூல்களிலும் அப்படியே எழுதி வைத்தனர். 1970இல் மில்ட்டன் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர் பன்றிகளிடம் இதைச் சோதித்தார். அகலம் வேறு வேறாக இருந்தும், ஒரே நிலைமையில் எடுத்த மடல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம் வரையில்தான் உயிர்த்திருந்தன. காம்பு எவ்வளவு அகலம் என்பது முக்கியமன்று. அதற்குள் எந்தத் தமனி நுழைகிறது என்பதே முக்கியம் என்பது அதனால் விளங்கிற்று. அதன்பின் குறிப்பிட்ட தமனியை உள்ளடக்கி வெட்டும் மடல்கள் பெருகின. மெக்ரிகர், ஜாக்சன் என்னும் இருவர் 1972இல் விளக்கிய இடுப்பு மடிப்பு மடல் அவற்றுள் புகழ் பெற்றது. 1973இல் ஆஸ்திரேலியாவில் டானியலும் டெய்லரும் மடலை முழுவதும் துண்டித்து எடுத்து, வேறிடத்தில் நாளத்தோடு நாளத்தை நுண்நோக்கியின் கீழ்த் தைத்துப் பிழைக்க வைத்ததை உலகுக்கு அறிவித்தனர்.

இவ்வளவு முன்னேற்றத்திற்குப் பின்னும் நுனி கறுப்பது நின்றபாடில்லை. எனக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான் பயிற்சி முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவரை எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டு வந்தனர். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, மேல்தோல் கிழிந்து அழுகிப் போய், கணுக்காலுக்குச் சற்று மேலே வெள்ளையெலும்பு தெரிந்தது. அப்படியே விட்டால் எலும்பு வறண்டு, சீழ் பிடித்து, கால் போகும். கால் போனால் கொத்தனாருக்கு என்ன மிஞ்சும்? கெண்டைக்காலிலிருந்து ஒரு மடலைக் கிளப்பித் திருப்பி எலும்பை மூடினேன். தையல் போட்டு முடித்தபோது மடல் நல்ல செந்நிறமாக இருந்தது. நானும் சற்றுப் பெருமிதத்தோடுதான் வீடு திரும்பினேன்.

மறுநாள் இரவு பதினொரு மணிக்குச் செவிலியார் அழைத்தார். மடலின் பாதிக்கு மேல் நீலம் பாரித்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தேன். இதை நீங்களே உங்கள் நகத்தில் செய்து பார்க்கலாம். அழுத்தினால் வெளுக்கும், விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்புத் திரும்பும். தமனி அடைபட்ட மடல் வெளிறிக் குளிர்ந்திருக்கும், நிறம் மெல்லத் திரும்பும் அல்லது திரும்பாது. சிரை அடைபட்ட மடல் நீலமாக வீங்கியிருக்கும், விரலை எடுத்த கணமே நிறம் பாய்ந்து திரும்பும். ஊசியால் குத்தினால் கருத்த இரத்தம் கசியும். கொத்தனாரின் மடல் இரண்டாம் வகை. வரவேண்டிய இரத்தம் வந்துகொண்டிருந்தது, போகவேண்டியது போகவில்லை. வடிகால் இல்லாத வயலில் பயிர் அழுகுவதைக் கண்டிருக்கிறீர்கள் அல்லவா?

நான்கைந்து தையல்களை வெட்டினேன். அடியில் உறைந்திருந்த இரத்தம் கட்டியாக வெளிவந்தது. கட்டைத் தளர்த்திக் காலை உயர்த்தி வைத்தோம். ஒரு மணி நேரத்தில் நீலம் மெல்ல மெல்லக் கலைந்து சிவப்புத் தலைகாட்டியது. ஆனால் நுனியில் இரண்டு விரற்கடை அகலம் மட்டும் மாறவே இல்லை. தையலை நான் இறுக்கமாகப் போட்டுவிட்டேன் என்பதை அப்போதே உணர்ந்தேன். அதை இன்று வானொலியில் சொல்வதற்கு வெட்கப்படவில்லை. அன்று அதைக் கொத்தனாரின் அண்ணனிடம் சொல்வதற்குத்தான் துணிவு தேவைப்பட்டது.

அந்த அண்ணன் மறுநாள் காலையில் ஓர் அச்சிட்ட துண்டறிக்கையுடன் வந்து நின்றார். “ஐயா, ஓசோன் என்று ஒரு காற்று இருக்கிறதாம். இரத்தத்தை எடுத்து அந்தக் காற்றைக் கலந்து திரும்ப ஏற்றினால் செத்த தோலும் பிழைக்குமாம். கடன் வாங்கியாவது பணம் கட்டுகிறேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் தம்பியை அங்கே அழைத்துப் போகிறேன்” என்றார்.

இந்த ஓசோன் என்ன என்று பார்ப்போம். நாம் சுவாசிக்கும் பிராணவாயுவின் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் உண்டு, ஓசோனில் மூன்று. பாசெல் நகரத்துச் ஷோன்பைன் என்னும் வேதியியலார், மின்பொறி எழும்போது வருகின்ற ஒருவகை நெடியை ஆராய்ந்து, 1840இல் இதனை ஒரு தனிப்பொருளாக அறிவித்தார். கிரேக்க மொழியில் ‘மணத்தல்’ என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பெயரும் இட்டார். வானின் உயரத்தில் இது நமக்குக் குடை. தரையருகில் நச்சு, சுவாசித்தால் நுரையீரலை அரிக்கும். மூன்றாவது அணு நிலையில்லாதது. கிடைத்ததைப் பற்றிக்கொண்டு அதை எரிக்கத் துடிக்கும். அதனாலேயே குடிநீரில் கிருமியைக் கொல்ல இதனைப் பயன்படுத்துகிறார்கள். முதல் உலகப் போர்க் காலத்திலேயே சில மருத்துவர்கள் அழுகிய காயங்களுக்கு இவ்வாயுவைப் பிடித்துப் பார்த்தனர்.

மருத்துவ ஓசோன் என்று இன்று சொல்லப்படுவது வெறும் ஓசோன் அன்று. தூய பிராணவாயுவை மின்பாய்ச்சலினூடே செலுத்தினால் அதில் சிறு பகுதி ஓசோனாக மாறும். நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பங்கு வரை ஓசோன். எஞ்சியது முழுவதும் பிராணவாயு. விரைவில் சிதைந்துவிடுவதால் உருளையில் அடைத்து வைக்க இயலாது. வேண்டும்போது அங்கேயே உண்டாக்க வேண்டும். நோயாளியின் இரத்தத்தில் சிறிதை எடுத்து இதனுடன் கலந்து மீண்டும் ஏற்றுவது ஒரு முறை. கையையோ காலையோ ஒரு பையில் வைத்துக் கட்டி, அதற்குள் வாயுவை நிரப்புவது மற்றொரு முறை. எண்ணெயில் ஊட்டித் தடவுவதும் உண்டு. வாயுவை நேராகச் சிரைக்குள் செலுத்துவது மட்டும் கூடவே கூடாது. குமிழிகள் நுரையீரலிலோ மூளையிலோ அடைத்து உயிரைப் போக்கிவிடும்.

எரிக்கும் பொருள் ஒன்று மடலைக் காப்பது எவ்வாறு? இதில்தான் சுவையான ஒரு கருத்து இருக்கிறது. இரத்தம் வற்றிக் கிடந்த தசைக்கு இரத்தம் மீண்டும் பாயும்போது, நன்மையோடு ஒரு தீமையும் வருகிறது. திடீரென வந்த பிராணவாயு, அடங்காத துகள்களாக மாறித் தந்துகிகளின் சுவரைத் தாக்குகிறது. பட்டினி கிடந்தவனுக்கு ஒரே மூச்சில் விருந்து வைத்த கதைதான். இத்துகள்களை அடக்குவதற்கு உடலிலேயே சில நொதிகள் உண்டு. ஓசோன் இரத்தத்தில் கலந்தவுடன் அழிந்து, சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடையும் கொழுப்புச் சிதைபொருள்களையும் விட்டுச் செல்கிறது. இச்சிறு தாக்குதல் உடலை எச்சரித்து, அந்நொதிகளை மிகுதியாகச் சுரக்கச் செய்கிறது என்பது இத்தாலியின் சியெனாவில் இருந்த போக்கி முதலியோர் முன்வைத்த விளக்கம். வெள்ளம் வருமுன் சிறு மழை பெய்து ஊரார் கரையைச் செப்பனிட்டுக்கொள்வது போல. அளவு மீறினால் சிறு மழையே வெள்ளமாகிவிடும் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

கருத்து அழகாக இருப்பதால் மட்டும் அது உண்மையாகிவிடாது. சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஓர் எலி உதவுகிறது. 1965இல் மக்ஃபார்லேன் என்பவரும் உடனிருந்தோரும் வகுத்த முறைப்படி, எலியின் முதுகில் 10 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் உள்ள மடலைக் கிளப்பி மீண்டும் அதே இடத்தில் தைத்துவிடுவார்கள். சில நாளில் கடைப்பகுதி கருகும். ஏழாம் நாள் அளவில் எவ்வளவு பங்கு செத்தது என்று அளப்பார்கள். ஓசோன் கொடுத்த எலிகளில் செத்த பங்கு குறைந்தது என்று சில ஆய்வுக்கூடங்கள் வெளியிட்டுள்ளன. அம்முடிவுகளை நான் இகழவில்லை.

ஆயினும் கல்லூரியில் விஞ்ஞானம் பயிலும் நண்பர்கள் சில கேள்விகளைத் தாமே எழுப்ப வேண்டும். கொடுத்தது ஓசோன் மட்டுமா? நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிராணவாயு அன்றோ? அப்படியானால் ஓசோனே இல்லாத தனிப் பிராணவாயுவை அதே வழியில் பெற்ற எலிக்கூட்டம் ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். கருகிய பகுதியை அளப்பவருக்கு எந்த எலி எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பது தெரியாதிருக்க வேண்டும். தெரிந்தால் அளவுகோலே விருப்பத்தின் பக்கம் சாயும். பிறகு, எலியின் தோல் நம் தோல் அன்று. அதன் தோலடியில் தோலையே அசைக்கும் மெல்லிய தசைப்படலம் விரிந்திருக்கிறது. காயம் பெரும்பாலும் சுருங்கியே மூடிக்கொள்ளும். எலியின் மடலைக் காத்ததாகப் புகழப்பட்ட மருந்துகள் ஏராளம். அவற்றுள் நோயாளியின் படுக்கையருகே வந்து நிலைத்தவை மிகச் சிலவே. மனிதரிடம், ஒரு பிரிவினருக்குக் கொடுத்து மற்றொரு பிரிவினருக்குக் கொடாமல் ஒப்பிட்டு, மடல் பிழைப்பதை நாட்டிய பெரிய ஆய்வுகள் ஓசோனுக்கு இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தின் விதியில், ஓசோன் நச்சு வாயு என்றும் அதற்கு அறியப்பட்ட மருத்துவப் பயன் இல்லை என்றும் எழுதியிருக்கிறது. வேறு சில நாடுகளிலோ மருத்துவர்கள் அதைப் பயன்படுத்தி வருகிறார்கள்.

அதே அமெரிக்க நிருவாகம் 2004இல் எதற்கு இசைவு தந்தது தெரியுமா? அட்டைக்கு! குளத்தில் காலை வைத்தால் கடிக்குமே, அதே இனம். 1960இல் யூகோஸ்லாவியாவில், இன்றைய ஸ்லோவேனியாவில், டெர்கான்ஸ், ஸ்த்ராவிச் என்ற இருவர் சிரை அடைபட்ட மடலின்மேல் அட்டையை விட்டுக் காப்பாற்றியதை எழுதினர். அட்டை தேங்கிய இரத்தத்தை உறிஞ்சும்; அதன் உமிழ்நீரில் உள்ள ஹிருடின் இரத்தத்தை உறையவிடாது; அட்டை விழுந்த பிறகும் கடிவாய் பல மணி நேரம் கசிந்துகொண்டிருக்கும். புதிய சிரைகள் முளைக்கும் வரையில் அதுவே வடிகால். பாட்டன் காலத்து வைத்தியம் என்று தள்ளப்பட்டது மீண்டும் வந்தது. ஓசோனும் ஒரு நாள் அவ்வாறு வரக்கூடும். அடைத்த அறையில் மிகை அழுத்தத்தில் பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்யும் முறை, நலிந்த மடலுக்கு ஏற்றதென ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது.

அண்ணனிடம் திரும்புவோம். இவ்வளவையும் நான் அவரிடம் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. “இப்போது தம்பியைப் படுக்கையிலிருந்து கிளப்பினால் பிழைத்த தோலுக்கும் ஆபத்து. நீங்கள் சொல்லும் காற்று மனிதருக்குப் பயன்படும் என்று உறுதியாக எவரும் காட்டவில்லை. கடன் வாங்க வேண்டா. அதைவிட, தம்பி படுக்கைக்கடியில் ஒளித்து வைத்திருக்கும் பீடிக்கட்டை எடுத்துக்கொண்டு போங்கள்” என்றேன். பீடிப் புகையிலுள்ள நிக்கோட்டின் சிறு இரத்த நாளங்களை இறுக்கிச் சுருக்கும். மடல் போட்ட நோயாளிக்குப் புகையைப்போல் பகை வேறில்லை. அண்ணன் குனிந்து தேடினார். இரண்டு கட்டுகள் இருந்தன. தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பத்து நாளில் அந்த இரண்டு விரற்கடை நுனி கன்னங்கரேலென்று காய்ந்து எல்லை கட்டியது. அதை வெட்டி எடுத்தேன். நல்ல வேளையாக அதன் கீழே எலும்பு இல்லை. சிவந்த புதுச் சதை எழும்பியிருந்தது. தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி அதன்மேல் ஒட்டினேன். பிடித்தது. கால் பிழைத்தது.

வீட்டுக்குப் போகும் நாளில் அண்ணன் என்னைத் தனியே அழைத்தார். குறை கூறும் குரல் இல்லை. தெரிந்துகொள்ள விரும்பும் குரல். “ஐயா, ஒன்று கேட்கிறேன், தவறாக எண்ணாதீர்கள். அந்தக் காற்றை வைத்திருந்தால் அந்த நுனியும் பிழைத்திருக்குமோ?” என்றார்.

“பிழைத்திருக்காது என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. பிழைத்திருக்கும் என்று சொல்லவும் இல்லை. என் தையல் தளர்வாக இருந்திருந்தால் அநேகமாகப் பிழைத்திருக்கும்” என்று சொன்னேன்.

அவர் சிறிது நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையிலிருந்த துண்டறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், எறியவில்லை.

அடுத்த ஆண்டு பொங்கலுக்குப் பின் கொத்தனார் வந்தார். ஊன்றுகோல் இல்லை. வேட்டியைச் சற்று உயர்த்திக் காலைக் காட்டினார். மடல் சுற்றுத் தோலோடு ஒன்றிப் போயிருந்தது. ஒட்டுப் போட்ட இரண்டு விரற்கடை இடம் மட்டும் பளபளவென்று நிறம் வேறாகத் தெரிந்தது. அவர் கால் அதன் பிறகும் சாரம் ஏறிற்று என்று அண்ணன் ஒரு முறை சொல்லியனுப்பினார்.